தரங்கம்பாடி புதிய எருசலேம் கோவில்: வரலாறு, கட்டடம், சுவரில் ஏறும் உப்பு

கேள்வி இது: தரங்கம்பாடியில் உள்ள புதிய எருசலேம் ஆலயம் எப்போது, ஏன் கட்டப்பட்டது? அது ஏன் சிலுவை வடிவத்தில் இருக்கிறது? எங்கள் ஊரிலும் பழைய சுண்ணாம்புக் காரைச் சுவரில் கட்டிய லுத்தரன் கோவில் உண்டு. அடிச்சுவர் உப்புப் பூத்துப் பொரிந்து கொட்டுகிறது, சபைக் கமிட்டியில் சிமெண்ட் பூசிவிடலாம் என்கிறார்கள், சரியா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். சிமெண்ட் பூசாதீர்கள். ஏற்கெனவே ஆள் பேசியிருந்தாலும் நிறுத்துங்கள். ஏன் என்பது இந்தக் கட்டடங்கள் எதனால் ஆனவை, எப்படி நிற்கின்றன என்று தெரிந்தால் தானாக விளங்கும். அதனால் தரங்கம்பாடியிலிருந்தே தொடங்குகிறேன்.

1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். ஓவ கெத என்ற தளபதி வந்து டேன்ஸ்போர்க் கோட்டையைக் கட்டத் தொடங்கினார். அவர்கள் லுத்தரன் சபையினர்தான். ஆனால் ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் அவர்களுடைய மதம் கோட்டைக்குள்ளும் டேனிஷ் வணிகக் கம்பெனி ஆட்களுக்குள்ளும் அடங்கியிருந்தது. ஊருக்குள் அவர்கள் தங்களுக்கென்று கட்டிக்கொண்ட சீயோன் கோவிலின் ஆண்டு 1701. அது இன்றும் நிற்கிறது. இப்போது தென்னிந்தியத் திருச்சபையிடம் இருக்கிறது. தரங்கம்பாடிக்குப் போகிறவர்கள் இந்த இரண்டு கோவில்களையும் குழப்பிக்கொள்வது வழக்கம். சீயோன் டேனிஷ்காரர்கள் தங்களுக்காகக் கட்டியது. புதிய எருசலேம் தமிழர்களுக்காகக் கட்டியது. கட்டட வேறுபாடுகளில் பாதி இந்த ஒரு வரியிலிருந்து வருவதுதான்.

1706 ஜூலை 9 அன்று பர்த்தலோமேயு சீகன்பால்கும் ஹென்ரிக் புளூச்சௌவும் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள். இருவரும் ஜெர்மானியர், அனுப்பியவர் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக். அடுத்த ஆண்டு மே 12 அன்று முதல் ஞானஸ்நானம் நடந்தது. பெற்றவர்கள் ஐந்து பேர், டேனிஷ் வீடுகளில் அடிமைகளாக இருந்தவர்கள். அது நடந்த இடம் சீயோன் கோவில். எசமானர்களின் கோவிலில், எசமானர்களுடைய மொழியில் வழிபாடு நடக்கும் இடத்தில், அடிமைகள் சபையாக வளர முடியாது. ஒரு மாதத்தில், 1707 ஜூன் 14 அன்று, தனிக்கோவிலுக்கு அஸ்திபாரம் போட்டார்கள். ஆகஸ்ட் 14 அன்று பிரதிஷ்டை. இரண்டு மாதத்தில் எழுந்த சிறிய கட்டடம் அது. அதன் பெயர்தான் எருசலேம். தமிழிலும் போர்த்துக்கீசிய மொழியிலும் ஆராதனை நடந்தது. கடலோரப் பட்டினங்களில் கலப்புக் குடும்பத்தாரும் வேலைக்காரர்களும் அன்று பேசிய பொதுமொழி போர்த்துக்கீசியம்.

அந்தப் பழைய எருசலேம் கடலுக்கு மிக அருகில் இருந்தது. சபை பெருகப் பெருக இடமும் போதவில்லை, கடலும் விடவில்லை. பின்னாளில் கடலரிப்பு அதைக் கொண்டுபோயிற்று. இதே கரையில் 1306-ஆம் ஆண்டைச் சேர்ந்த மாசிலாமணிநாதர் கோவிலின் முன்பகுதியையும் கடல் தின்றிருக்கிறது. தரங்கம்பாடியில் எந்தக் கட்டடத்தைப் பற்றிப் பேசினாலும் கடலைச் சேர்த்தே பேச வேண்டும்.

1714 கடைசியில் சீகன்பால்கு ஐரோப்பாவுக்குப் போய், 1716 ஆகஸ்டில் திரும்பினார். திரும்பி ஆறு மாதம் ஆகுமுன்னே, 1717 பிப்ரவரி 9 அன்று, இராஜா வீதியில் புதிய கோவிலுக்கு அஸ்திபாரக் கல் வைக்கப்பட்டது. 1718 அக்டோபர் 11 அன்று பிரதிஷ்டை. ஏறக்குறைய இருபது மாத வேலை. இந்தக் கோவிலைக் கட்டுவது எல்லாருக்கும் சம்மதமாக இருக்கவில்லை. கோபன்ஹேகனில் மிஷன் காரியங்களைக் கவனித்த குழுவின் செயலராக இருந்த கிறிஸ்தியான் வெண்ட், மிஷனரிகள் கட்டடங்களுக்குப் பணம் செலவிடக் கூடாது, அப்போஸ்தலர்களைப்போல வெறுங்கையோடு ஊர் ஊராகப் போக வேண்டும் என்ற எண்ணமுள்ளவர். அவருடைய கடுமையான கடிதங்கள் நோயில் கிடந்த சீகன்பால்கை மேலும் நொறுக்கின. பிரதிஷ்டைக்குப் பின் நாலரை மாதத்தில், 1719 பிப்ரவரி 23 அன்று, அவர் காலமானார். வயது 36. அடுத்த ஆண்டு மார்ச்சில் அவருடைய உடன் ஊழியர் யோவான் எர்னஸ்ட் குருண்டலரும் இறந்தார். இருவரையும் இந்தக் கோவிலுக்குள்ளேயே, பீடத்தின் இரு பக்கங்களில் அடக்கம் செய்திருக்கிறார்கள். உள்ளே போகிறவர்கள் பீடத்தருகே தரையைப் பார்த்து நடக்க வேண்டும்.

இனி முகப்பு. தெருவின் எதிர்ப்பக்கம் நின்று பாருங்கள், கிட்டே போனால் தெரியாது. முகப்பின் மேல்பகுதியில் ஒரு கிரீடம். அதோடு அரசர் பெயரின் முதலெழுத்தையும் நான்கு என்ற எண்ணையும் சேர்த்துப் பின்னிய முத்திரை. 1718 என்ற ஆண்டு. பார்க்கிறவர்கள் இதை அலங்காரம் என்று கடந்துவிடுகிறார்கள். ஆனால் அதற்குப் பத்தாண்டுக்கு முன் நடந்ததை நினைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். 1708 கடைசியில் தரங்கம்பாடி டேனிஷ் தளபதி ஹாசியுஸ், அதே அரசர் அனுப்பிய சீகன்பால்கைப் பிடித்துக் கோட்டையில் நான்கு மாதம் அடைத்துவைத்தார். அரசரின் கட்டளை ஒரு பக்கம், அரசரின் அதிகாரி மறுபக்கம். அந்த ஊரில், கம்பெனி ஆட்கள் தினமும் நடக்கும் வீதியில், தமிழ்ச் சபையின் கோவில் நெற்றியில் அரச முத்திரை வைத்தால் அது ஒரு காப்புப் பத்திரம். இந்தக் கோவிலின் மேல் கைவைப்பவன் அரசரின் மேல் கைவைக்கிறான் என்று சுண்ணாம்பில் எழுதியதாகவே அதை நான் வாசிக்கிறேன்.

சிலுவை வடிவத்துக்கு வருவோம். பழைய கத்தோலிக்கக் கோவில்களிலும் சிலுவை வடிவம் உண்டு. ஆனால் அங்கே கால் நீளம், கைகள் குட்டை. வாசலிலிருந்து பீடம் வரை நீண்ட பாதை, பவனி வருவதற்கு. புதிய எருசலேமில் நான்கு கைகளும் ஏறக்குறைய ஒரே நீளம். இங்கே முக்கியமானது நடுவிடம். லுத்தர் வழிச் சபையில் ஆராதனையின் மையம் இரண்டு: பிரசங்கமும் திருவிருந்தும். பிரசங்கம் காதில் விழ வேண்டும், பிரசங்கி முகம் தெரிய வேண்டும். ஒரே அளவு கூட்டத்தை நீண்ட கூடத்தில் உட்கார வைத்தால் கடைசி வரிசை வெகுதூரம் போய்விடும். அதே கூட்டத்தை நான்கு குட்டையான கைகளில் பிரித்து, கைகள் சந்திக்கும் மூலையில் பிரசங்க பீடத்தை உயர்த்தி வைத்தால், யாரும் தூரத்தில் இல்லை. ஒலிபெருக்கி இல்லாத காலத்தின் கணக்கு இது. புராட்டஸ்டண்ட் ஐரோப்பாவில் இந்த வடிவம் அப்போதே புழக்கத்தில் இருந்தது: ஆம்ஸ்டர்டாமில் 1623-இல் திறந்த வடக்குக் கோவிலும், கோபன்ஹேகனில் 1696-இல் பிரதிஷ்டையான மீட்பர் கோவிலும் சமக் கைச் சிலுவைதான்.

ஆனால் தமிழ்நாட்டில் அந்த நான்கு கைகளுக்கு வேறொரு பயனும் வந்து சேர்ந்தது. அதைச் சொல்லாமல் வடிவத்தை மட்டும் புகழ்வது நேர்மையாகாது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்பது அன்றைய பொது வழக்கம். அதோடு சாதியும் பிரிந்து உட்கார்ந்தது. ஐரோப்பியருக்கு இருக்கை, தமிழருக்குள் சிலர் பாயில், சிலர் வெறுந்தரையில். ஒரே நீண்ட கூடமாக இருந்தால் யார் முன்னே, யார் பின்னே என்ற சண்டை வரும். சிலுவையின் கைகளில் எல்லாரும் முன்வரிசைதான். ஒருவரை ஒருவர் தொடாமலும் இருக்கலாம். பிரசங்கம் எல்லாருக்கும் கேட்கட்டும் என்று வந்த வடிவம், பிரிந்து உட்காரவும் வாகாகிப்போனது. இந்தப் பிரச்சினை நூறு ஆண்டுக்கு மேல் புகைந்தது. ஆங்கிலிக்கன் சபையில் 1833-இல் கல்கத்தா பேராயர் தானியேல் வில்சன் கோவிலுக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று ஆணையிட்டபோது, தஞ்சாவூர், வேப்பேரி சபைகளில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. கிறிஸ்தவக் கவிஞரான தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரும் அந்த ஆணையை எதிர்த்தவர்களில் ஒருவர். பின்னால் ஜெர்மனியிலிருந்து வந்த லைப்சிக் லுத்தரன் மிஷன் இந்த விஷயத்தில் இளக்கம் காட்டியதால் பலர் லுத்தரன் பக்கம் வந்தார்கள். உங்கள் ஊர்க் கோவிலிலும் பக்கவாட்டில் ஒரு தனிவாசலோ, மற்ற பகுதியிலிருந்து சற்றுத் தாழ்ந்த தளமோ இருந்தால், அது ஏன் அங்கே இருக்கிறது என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதிவையுங்கள். பழுதுபார்க்கும்போது முதலில் அழிவது இந்த மாதிரித் தடயங்கள்தான்.

பிந்திய வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1845-இல் டேனிஷ் அரசு தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றது. அந்தப் பத்தாண்டில் லைப்சிக் மிஷன் கோவில் பொறுப்பை ஏற்றது. முதல் உலகப் போரில் ஜெர்மானிய மிஷனரிகள் வெளியேற்றப்பட்டபோது சுவீடன் சபை கைகொடுத்தது. 1919 ஜனவரி 14 அன்று தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை பிறந்தது. அதன் பேராயருக்குப் பட்டம் இன்றும் தரங்கம்பாடிப் பேராயர். தலைமையகம் இருப்பது திருச்சியில். 2004 சுனாமிக்குப் பிறகு கோவிலைப் பழுதுபார்த்து, சீகன்பால்கு வந்த 300-ஆம் ஆண்டான 2006-இல் மறுபடி திறந்தார்கள்.

இப்போது சுவர். தரங்கம்பாடி போன்ற கடற்கரை ஊரில் அருகில் மலை இல்லை, கருங்கல் கிடைக்காது. கிடைப்பது காவிரிப் படுகையின் களிமண். அதில் சுட்ட மெல்லிய செங்கல். கடல் தருவது கிளிஞ்சல். அதைச் சுட்டால் சுண்ணாம்பு. இந்த இரண்டையும் கொண்டு உயரமான, வெறுமையான கூடத்துக்குக் கூரை போட வேண்டுமானால் சுவர் தடிமனாக இருந்தே தீர வேண்டும். கூரை உள்ளே வளைவாக அமைந்தால் இன்னும் தடிமன் வேண்டும். ஏனென்றால் வளைவு தன் பாரத்தைக் கீழே மட்டும் இறக்காது, பக்கவாட்டிலும் தள்ளும். சமக் கைச் சிலுவைக்கு இங்கே இன்னொரு நன்மை: ஒரு கையின் சுவர்கள் அடுத்த கைக்கு முட்டுக்கொடுக்கின்றன. நடுவிடத்தின் நான்கு மூலைகளும் இரண்டு திசையிலும் சுவர் பிடித்திருப்பதால் அசையாது. பலவீனம் கைகளின் வெளிமுனையில், முகப்புச் சுவர்களில். பழைய கோவில்களில் விரிசல் முதலில் வருவது அங்கேதான்: முகப்புச் சுவரும் பக்கச் சுவரும் சேரும் மூலையில், மேலிருந்து கீழாக, மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும்.

அப்படி விரிசல் கண்டால் உடனே காரை அடைத்து மூடாதீர்கள். முதலில் அது இன்னும் நகர்கிறதா என்று பார்க்க வேண்டும். விரிசலின் குறுக்கே விரல் நீளக் கண்ணாடிச் சில்லை இரு முனையிலும் சாந்து வைத்து ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதுங்கள். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கடந்தும் சில்லு உடையவில்லை என்றால் விரிசல் பழையது, அடைக்கலாம். உடைந்தால் அஸ்திபாரமோ கூரைத் தள்ளலோ காரணம். அது கட்டமைப்புப் பொறியாளர் பார்க்க வேண்டிய வேலை, கொத்தனார் வேலையல்ல. வளைவுக் கூரையின் உச்சியில் நீளவாக்கில் விரிசல் ஓடினால் சுவர்கள் வெளியே சாய்கின்றன என்று பொருள். அதில் தாமதம் கூடாது.

சரி, உப்பு. கடலோரச் சுவரில் உப்பு இரண்டு வழியாக வருகிறது. காற்றில் வரும் உப்புத் திவலை மேல்சுவரில் படிகிறது. நிலத்தடி ஈரம் உப்பைக் கரைத்துக்கொண்டு அடிச்சுவரில் ஏறுகிறது. இதைத்தான் ஓதம் என்கிறோம். செங்கல்லும் சுண்ணாம்பும் நுண்துளை நிறைந்தவை, திரி எண்ணெயை இழுப்பதுபோல நீரை இழுக்கும். ஏறிய நீர் சுவரின் முகத்துக்கு வந்து ஆவியாகிறது; உப்பு ஆவியாக முடியாமல் துளைக்குள் படிகமாகிறது. படிகம் வளரும்போது துளையின் சுவரைத் தள்ளுகிறது. மழைக்காலத்தில் கரையும், கோடையில் மறுபடி படிகமாகும். ஒவ்வொரு சுற்றிலும் மேற்பரப்பு கொஞ்சம் உதிரும். நீங்கள் காலையில் கோவில் தரையில் பெருக்கி அள்ளும் அந்த வெள்ளைத் தூள் இதுதான்.

சுண்ணாம்புக் காரை இருக்கும்வரை இந்த அழிவு காரையில் நடக்கிறது, செங்கல்லில் அல்ல. காரை சுவரின் சட்டை மாதிரி, கிழிந்தால் மாற்றிக்கொள்ளலாம். சிமெண்ட் பூசினால் என்ன ஆகும்? சிமெண்ட் அடர்த்தியானது, ஈரம் அதன் வழியே எளிதில் வெளியேறாது. அதனால் ஓதம் நிற்காது, மேலே ஏறும். முழங்கால் உயரத்தில் இருந்த கறை இரண்டு மூன்று ஆண்டில் இடுப்புக்கு, பிறகு தோளுக்கு வரும். உப்பு சிமெண்டுக்குப் பின்னால், செங்கல்லின் முகத்தில் படிகமாகும். வெளியே சுவர் மழமழவென்று இருக்கும். தட்டினால் பொள்ளல் சத்தம் கேட்கும். ஒரு நாள் சிமெண்ட் பாளமாகப் பெயரும்போது செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு வரும். அந்தச் செங்கல்லை மீட்க முடியாது. பிளாஸ்டிக் எமல்ஷன் பெயிண்ட்டும் சற்று மெதுவாக இதையே செய்கிறது. எனாமல் பெயிண்ட் இன்னும் மோசம்.

ஆகவே செய்ய வேண்டியது என்ன? முதலில் சுவரைத் தொடாதீர்கள், வெளியே நிலத்தைப் பாருங்கள். பெரும்பாலான கோவில்களில் நூறு ஆண்டாக வளாக மண் உயர்ந்துகொண்டே வந்திருக்கும். சிலவற்றில் சுவரை ஒட்டிச் சிமெண்ட் தளமும் போட்டிருப்பார்கள். மழைநீர் போக இடமில்லாமல் சுவரில் ஏறுகிறது. வெளி நிலம் உள்தளத்தைவிட அரை அடியாவது தாழ்ந்திருக்க வேண்டும். சுவரை ஒட்டிய சிமெண்ட் தளத்தை ஒன்றரை அடி அகலத்துக்கு வெட்டி எடுத்து, அங்கே ஜல்லி நிரப்புங்கள். அந்தத் துண்டு நிலம் மூச்சுவிடட்டும். அஸ்திபாரத்தைத் தோண்டிவிடக் கூடாது, கவனம். சுவரருகே கல்லறைகள் இருந்தால் அங்கே தோண்டவே வேண்டாம். கூரையிலிருந்து இறங்கும் நீர் சுவரடியில் விழாமல் குழாய் வழியே வெளியே போகிறதா பாருங்கள். சிலுவை வடிவக் கோவிலில் இரண்டு சரிவுக் கூரைகள் சந்திக்கும் நான்கு உள்மூலைகளிலும் தண்ணீர் சேர்ந்து ஓடும். இலை அடைத்தால் நேராகச் சுவருக்குள் இறங்கும். ஓதம் நான்கு உள்மூலையில் மட்டும் அதிகமாக இருந்தால் குற்றவாளி நிலம் அல்ல, கூரை. அக்டோபருக்கு முன் ஒரு முறை, மழை நடுவில் ஒரு முறை இலையை எடுப்பது, எந்தப் பூச்சையும்விட அதிகம் காப்பாற்றும்.

இதைச் செய்துவிட்டு ஒரு வருடம் சுவரை உலரவிட முடிந்தால் மிக நல்லது. பிறகு கெட்ட காரையை, ஓதக் கோட்டுக்கு மேல் ஒன்றரை அடி வரை, கையால் கொத்தி எடுங்கள். இயந்திரம் வேண்டாம், மெல்லிய செங்கல் உடையும். செங்கல் இடுக்கில் தூளாகிப்போன சாந்தை முக்கால் அங்குல ஆழம் சுரண்டி, உலர்ந்த தூரிகையால் துடையுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவுவது பெரிய தவறு. உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும். தூளை அன்றன்றே வாரி வளாகத்துக்கு வெளியே போடுங்கள். சுவரடியில் கொட்டினால் அடுத்த மழையில் திரும்பி ஏறிவிடும். உப்பு மிகுதியாக இருந்தால் கழுவிய மணலும் களிமண்ணும் நல்ல தண்ணீரில் குழைத்து ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக அப்பி, முழுவதும் காயவிட்டுப் பெயர்த்தெடுங்கள். ஈரம் உப்பை இந்த அப்பலுக்குள் இழுத்துவிடும். மூன்று நான்கு முறை செய்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

புதுக் காரைக்குச் சுண்ணாம்பைக் கடையில் வாங்கும் பொடியாக எடுக்காதீர்கள். சுட்ட கிளிஞ்சலை வாங்கித் தொட்டியில் தாளியுங்கள், அதாவது தண்ணீரில் நீற்றுங்கள். எப்போதும் தண்ணீரில் சுண்ணாம்பைப் போடுங்கள். சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும், கண் போய்விடும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் யாரையும் அருகே விடாதீர்கள். தாளித்ததைச் சல்லடையில் வடித்து, மேலே இரண்டு விரல் தண்ணீர் நிற்க, குறைந்தது மூன்று வாரம் ஊறவிடுங்கள். மூன்று மாதம் ஊறினால் வெண்ணெய்போல ஆகும். சரியாகத் தாளிக்காத கட்டி காரைக்குள் போனால் மாதக்கணக்கு கழித்து அது உப்பி, சுவரில் அம்மைத் தழும்பு மாதிரிக் குழி விழும்.

ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு; ஓதமுள்ள அடிச்சுவருக்கு மணலில் கால் பங்கை எடுத்துவிட்டு, நன்றாகச் சுட்ட செங்கல் தூளைச் சேர்க்கலாம், ஈரத்திலும் இறுகும். செக்கில் போட்டு அரைத்தால்தான் பிடிப்பு வரும்; மண்வெட்டியால் கிளறுவது போதாது. கடுக்காயும் வெல்லமும் ஊறிப் புளித்த நீரைச் சேர்ப்பது நம் ஊர்ப் பழக்கம். அளவு ஊருக்கு ஊர் மாறும். அதனால் முதலில் சுவரில் ஒதுக்குப்புறமாக இரண்டடிச் சதுரம் பூசி ஒரு மாதம் பார்த்துவிட்டு முடிவுசெய்யுங்கள். கடலோர ஊரில் வேலை கெடுவதற்கு முதல் காரணம் மணலும் தண்ணீரும்தான். கரையோர மணலையும் உவர்ப்பான ஆழ்துளைக் கிணற்று நீரையும் பயன்படுத்தினால் நீங்களே உப்பைச் சுவருக்குள் பூசுகிறீர்கள். குடிக்கத் தகுந்த தண்ணீர், கழுவிய ஆற்று மணல், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஒரு பூச்சு அரை அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை எடுத்துத்தான் கல்லாகிறது. தடித்த பூச்சின் உள்ளே காற்றுப் போகாது, மேலே ஓடு கட்டி உள்ளே மாவாகவே இருக்கும். முதல் பூச்சு விரல் நகத்தால் கீறினால் தடம் விழாத அளவு இறுகிய பின்பே இரண்டாவது. இடையில் பத்து நாள் ஆனாலும் பொறுங்கள். நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு வெயிலையும் உப்பங்காற்றையும் மறையுங்கள். டெல்டாவில் இதற்கு ஏற்ற காலம் ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை. கிறிஸ்துமஸுக்குள் முடிக்க வேண்டும் என்று நவம்பரில் பூசுவதுதான் சபைகளில் அடிக்கடி நடக்கும் தவறு. மழை ஈரத்தில் பூசியது பிடிக்காது, ஈஸ்டருக்குள் பெயரும். கடைசியில் வெள்ளை அடிப்பதும் சுண்ணாம்பிலேயே: பால் பதத்தில் கரைத்து, மெல்லியதாக ஐந்தாறு கை. ஒரே கையில் கெட்டியாக அடித்தால் உடையில் ஒட்டும்.

இரும்பைப் பற்றி ஒரு வார்த்தை. விசிறி, குழல்விளக்கு, ஒலிபெருக்கி மாட்டச் சாதாரண இரும்பு ஆணியைச் சுவரில் அடிக்காதீர்கள். உப்புக் காற்றில் துருப்பிடித்து ஆணி பருக்கும், செங்கல்லைப் பிளக்கும். பித்தளை அல்லது கடல்சூழலுக்கான துருப்பிடிக்காத எஃகு. ஒலிபெருக்கியையும் முகப்பில் பெரிதாக ஒன்று வைத்தால் வளைவுக் கூரையில் எதிரொலித்துச் சொல் சொல்லாகக் கேட்காது. ஒவ்வொரு கையிலும் உட்காருபவர்களுக்கு அருகில் சிறிதாக ஒன்று, குறைந்த சத்தத்தில்.

சுவரின் மேல்விளிம்பில் நீட்டியிருக்கும் கார்னிசில் முளைத்த அரசங்கன்றையோ ஆலங்கன்றையோ பிடுங்காதீர்கள், வேரோடு செங்கல்லும் வரும். அடியில் வெட்டி, வெட்டுவாயில் வேர்க்கொல்லி தடவி, வேர் செத்துக் காய்ந்தபின் எடுத்துச் சுண்ணாம்புக் கூழால் அடையுங்கள்.

கமிட்டியில் இதையெல்லாம் பேசி முடிக்க நாளாகும். அதற்குள் செலவில்லாத ஒரு வேலை இருக்கிறது. இந்த வாரமே உள்ளே வெளியே எல்லாச் சுவரிலும் ஈரம் நிற்கும் உயரத்தில் பென்சிலால் சிறு கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள், புகைப்படமும் எடுங்கள். மழை முடிந்த ஜனவரியில் ஒன்று, மே மாதக் கடைசியில் ஒன்று. மே மாதமும் கோடு இறங்காத சுவரின் வெளிப்பக்கத்தில் முதலில் மண்ணை எடுக்கத் தொடங்குங்கள்.